ஜலேரியில் கதவடைப்பு

விளக்கு நெய் வாங்கவில்லை.

குணானந்த் தகரத்தைச் சரித்த வேகத்தில் நெய் விளிம்பைத் தாண்டி வழிந்து அவன் கால்விரல்களில் கொட்டியது. அவன் தகரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். மூன்று தகரம் பிடிக்கும் செப்பு விளக்கு அது. காலையில் அவனே அடிவரை வழித்துத் துடைத்து, திரி அணையாதிருக்க ஒரு கரண்டி நெய் மட்டும் விட்டுப் போயிருந்தான். இப்போது அது விளிம்புவரை நிறைந்திருந்தது. வெளியே அருவியே பாதி உறைந்து தொங்கும் குளிரில் அந்த நெய் வெதுவெதுப்பாக இருந்தது. வாடையும் சரியில்லை. கம்பளி ஓரம் தீயில் பட்டால் வருமே, அப்படி ஒரு கருகல்.

ஜலேரி மகாதேவருக்கு ஆறு மாதம் மனிதர் பூசை, ஆறு மாதம் தேவர் பூசை. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பனிக்குப் பயந்து நாங்கள் கதவைச் சாத்திக் கீழே இறங்கிவிடுவோம். வைகாசியில் வந்து திறந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நெய்யும் குறைந்திருக்காது. இதைப் பார்க்கத்தான் சமோலி மாவட்டம் முழுக்கத் திரண்டு வருகிறது. பத்தொன்பது வருடமாகக் கடைசி நெய்யை ஊற்றுகிறவன் குணானந்த். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊராரைக் கேலி செய்தே பழகியவன். அவனே இப்போது விளக்கை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

யாரையாவது கேட்கலாம் என்றால் வாயைத் திறக்க முடியாது. கதவடைப்பு நாளில் கோயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் திரும்பி வந்து தாழிடும்வரை பேசக்கூடாது. பேசினால் ஊரில் ஒரு சாவு நிச்சயம்.

அவன் நிமிர்ந்து, கருவறை வாசலில் நின்ற பூசாரி வித்யாதரைப் பார்த்துக் கையை விரித்தான். நிறைந்திருக்கிறது, என்ன செய்ய? கிழவர் அசையாமல் நின்றார். பிறகு கையைச் சரித்துக் காட்டினார். ஊற்று. போன வருடம் கீழே இறங்கியதிலிருந்து பண்டிட்ஜி இப்படித்தான். அதிகம் பேசுவதில்லை, நெருப்புப் பக்கம் உட்காருவதில்லை. வயசாச்சு என்றார்கள்.

குணானந்த் வழிந்ததை உள்ளங்கையால் அள்ளித் தகரத்தில் விட்டான், தரையைத் துணியால் துடைத்தான், சாமியின் முன்னால் எச்சிலைப் போல நெய் கிடக்கக்கூடாதே என்று மூலைவரை துடைத்தான். அதற்குள் மனசெல்லாம் வெளியே போயிருந்தது. மகள் தனுலிக்கு எட்டு வயது. நெஞ்சில் சளி கட்டி இரண்டு நாளாகக் காய்ச்சல்.

"நெய்ய ஊத்துனோமா வந்தோமான்னு இருக்கணும்" என்று மதியமே மனைவி பிஷேஸ்வரி எச்சரித்திருந்தாள். "புள்ளைய நீங்கதான் தூக்கணும். இருட்டுறதுக்குள்ள கீழ போய்ச் சேரல, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

"அப்பா தோள்லதான் வருவேன்" என்றது குழந்தை.

"வேற யாரு தோள் இவ்ளோ அகலமா இருக்கு?" என்று அவன் சிரித்திருந்தான்.

துணியைப் பிழிந்துவிட்டு எழுந்தான். கருவறை வாசலில் யாரும் இல்லை. படியோரம் மடித்து வைத்திருந்த அவன் கம்பளியும் இல்லை, விளக்கடியில் வைத்த தகரமும் இல்லை.

உள்ளே வந்தவர்கள் நான்கு பேர். அவன், பூசாரி, மைத்துனன் ஹர்ஷமணி, மணியடிக்கும் தேவேஸ்வர். விடைபெற்றுப் போகிற மனித முகத்தைச் சாமி பார்த்து ஏங்கக்கூடாது என்று, வெளியேறும்போது எல்லோரும் ஒரே மாதிரி சாயமேறாத கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள்வது வழக்கம். அவன் மண்டபத் தூணைத் தாண்டி வந்தபோது, வாசல் வெளிச்சத்தில் கம்பளி போர்த்திய முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன.

மூன்று இருக்க வேண்டும்.

நான்கு இருந்தன.

நான்காவது முதுகு அகலமாக இருந்தது. அதன் கையில் அவனுடைய நெய்த்தகரம் தொங்கியது.

குணானந்த் வாயைத் திறந்தான். பத்தொன்பது வருடப் பழக்கம் நாக்கைக் கட்டிப்போட்டது. பேசினால் சாவு. யாருக்கு? காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கா? அந்த ஒரு நினைப்பில் நான்கு மூச்சு நேரம் போய்விட்டது. தேவதாருக் கதவின் ஒரு பக்கம் சாத்தியது, பிறகு மறுபக்கம். சங்கிலி ஏறியது. தாழ் விழுந்தது.

அப்புறம்தான் அவன் கத்தினான். கதவில் போய் மோதி இரண்டு கையாலும் தட்டினான்.

"திறங்க! நான் உள்ள இருக்கேன்! ஹர்ஷமணி! திறடா!"

வெளியே கூட்டம் முழுக்க ஒரே குரலில் ஆரவாரம்.

"ஜலேரி மகாதேவருக்கு ஜே! தட்டுது! சாமி தட்டுது!"

"போன வருஷத்தவிடப் பலமா இருக்குப்பா. இந்த வருஷம் விளைச்சல் பிச்சுக்கும்."

சங்கிலிக்காகக் கதவில் போட்ட துளை விரல் நுழையும் அளவு இருந்தது. அவன் கண்ணை அதில் வைத்தான். எல்லோரும் கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். தாழிட்ட பிறகு கீழே ஆற்றுப் பாலம் தாண்டும்வரை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. உள்ளே இருப்பது தட்டும், கூப்பிடும், தெரிந்தவர் குரலில் கூப்பிடும். பெற்ற அப்பன் குரலே கேட்டாலும் திரும்பாதே என்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். தனுலிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் அவனேதான்.

"பிஷேஸ்வரி! நான்தான்! உன் பக்கத்துல நிக்கிறது நான் இல்ல!"

அவள் தோள்கள் நடுங்கியது தெரிந்தது. கேட்டுவிட்டது. நன்றாகவே கேட்டுவிட்டது.

"அத்தான், உங்க குரலாட்டமே கூப்பிடுது பாருங்க" என்று ஹர்ஷமணி பக்கத்துக் கம்பளியிடம் சொன்னான். சிரித்தாலும் குரல் உதறியது. "என்ன, வாயே திறக்கல? சாமி நாக்கப் புடுங்கிட்டாரா?"

கம்பளி தகரத்தைக் கீழே வைத்தது.

"விடுடா அவர. காலைலருந்து பட்டினி" என்றாள் பிஷேஸ்வரி. "யாரும் திரும்பாதீங்க. வேகமா நடங்க. இந்தாங்க, புள்ளைய வாங்கிக்கங்க."

"குடுக்காதே! குடுக்காதேடி!"

மேளம் எழுந்தது. தோலும் செம்பும் சேர்ந்து மலையையே நிரப்பின. அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. நகம் பிய்ந்தது. கதவில் இரத்தம் பட்டது. போன வருடம் இதே கதவுக்கு வெளியே, இதே மேளத்தின் நடுவே நின்று, உள்ளே வித்யாதர் பண்டிட்ஜியின் குரல் "குணானந்த், குணானந்த்" என்று அழுததைக் கேட்டுக் கை கூப்பியது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் கம்பளி போர்த்தி நின்ற பண்டிட்ஜியிடம், "உங்க கரகரப்பு அப்படியே இருக்கு" என்று கேலி பேசியதும் நினைவுக்கு வந்தது. வைகாசியில் திறந்தபோது உள்ளே ஆளில்லை. எலும்புகூட இல்லை. விளக்கு மட்டும் நிறைந்திருந்தது. அந்த நெய்யை எடுத்து அத்தனை பேர் நெற்றியிலும் பூசினார்கள்.

அவன் நெற்றியிலும்.

பின்னால் கருவறையில் வெளிச்சம் அசைந்தது. யாரோ திரியைத் தூண்டினார்கள். அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்ணைத் துளையிலிருந்து எடுத்தால் தனுலியைக் காண முடியாது.

கம்பளி போர்த்தியது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியது. குழந்தையின் கை அதன் கழுத்தைச் சுற்றியிருந்தது. தலை அதன் தோளில் சாய்ந்திருந்தது. தோளில் கிடக்கிற குழந்தைக்கு முகம் பின்பக்கம்தான் இருக்கும். அதனால் பெற்றவர்கள் சின்னப் பிள்ளைகளின் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு போவார்கள். அது பொத்தவில்லை.

தனுலி கண்ணைத் திறந்தாள். கதவைப் பார்த்தாள். காய்ச்சல் கண். பார்வை மெல்ல மேலேறி, துளைக்கு வந்து, நின்றது.

அவன் கத்தவில்லை. விரலை மட்டும் துளை வழியே வெளியே நீட்டி ஆட்டினான். நெய் பட்டுப் பளபளத்த விரல். பிறகு கண்ணை வைத்தான்.

குழந்தையின் உதடு பிரிந்தது. மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த உதடு என்ன சொல்லிற்று என்று அவனுக்குத் தெரியும். அப்பா. மறுபடியும். அப்பா. அவள் தான் கட்டிக்கொண்டிருந்த கழுத்தை விட்டாள். நெஞ்சைத் தள்ளி, திமிறி, தோளிலிருந்து எழப் பார்த்தாள்.

அப்போது கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அவசரமே இல்லை. அவள் பின்தலையைத் தடவியது. முகத்தைச் சுற்றி வந்தது. பொத்தியது.

கண்ணை மட்டுமல்ல. மூக்கையும். வாயையும்.

பக்கத்தில் நடந்த பிஷேஸ்வரி, வழக்கம் மீறாத புருஷனை நினைத்து நிம்மதிப்பட்டவளைப் போல, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்து நடந்தாள். ஹர்ஷமணி ஏதோ சொல்லிச் சிரித்தான். பாதை திரும்பும் இடத்தில் ஒவ்வொருவராகப் பாறைக்குப் பின்னால் மறைந்தார்கள். கடைசியாக அது மறைந்தது. அதுவரை குழந்தையின் இரண்டு கால்களும் அதன் மார்பில் உதைத்துக்கொண்டே இருந்தன. முதலில் வேகமாக. பிறகு மெதுவாக.