நிலபாவாடையும் ஹெலிகொப்டரும்

மருதமுனைக்கு ஹெலிகொப்டர் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஊர்ப் பெரியவர்கள் கூடிச் செய்த முதல் வேலை பந்தல் போட்டதுதான்.

அதுவும் எங்கே? ஹெலிகொப்டர் இறங்க வேண்டிய பள்ளிக்கூட மைதானத்தின் நட்டநடுவில்.

தகரக் கூரை, கலர்க் கடதாசித் தோரணம், நாற்பது பிளாஸ்டிக் கதிரை, 'வருக வருக' என்று எழுதிய பெரிய பதாகை. அதிபர் சேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஹெலிகொப்டர் வருவதற்கு முதல் நாள் காலையில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. காரைதீவைச் சேர்ந்த யதுசா மிஸ் இறங்கினார். அவர் பொறியியலாளர். பின்னால் கோகுலன் அண்ணன், கையில் ரேடியோவோடு இறங்கினார். ஹெலிகொப்டர்களுக்கு ஏன் விபத்து நடக்கிறது, எப்படி நடக்காமல் பண்ணலாம் என்று ஆராய்வதுதான் இவர்கள் வேலை.

யதுசா மிஸ் பந்தலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி பந்தலைப் பார்த்தார்.

"சேர், ஹெலிகொப்டர் எங்க இறங்கிற?"

"பந்தலுக்கு முன்னால. நல்ல நிழல் இரிக்கி," என்றார் அதிபர்.

"வெள்ளம் வந்தா நோயாளிகள ஏத்த இப்படிப்பட்ட மைதானத்துலதான் இறங்கோணும். அப்ப கீழ காத்து எப்படி அடிக்குது எண்டு அளக்கத்தான் வந்திருக்கம். இந்தப் பந்தல் நிண்டா காத்த அளக்க ஏலா. தகரத்தத்தான் பொறுக்கோணும்."

அதிபரின் முகம் சுருங்கிப் போனது.

ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லாரையும் பூத்தட்டோடு வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கொடி. அந்த வரிசையில் நின்ற பஹ்மிதாவுக்கு இது பிடிக்கவே இல்லை. அவள் மனதில் பட்டதை வாயால் சொல்லிவிடுகிற ஆள்.

"சேர், காத்து அளக்கிற வேலைக்குப் பொம்புளப் புள்ளையளச் சேக்க மாட்டாங்களா?"

"வாய் காட்டாமப் பூத்தட்டப் புடி புள்ள."

யதுசா மிஸ் திரும்பிப் பார்த்தார். "பூத்தட்டு வேணாம் சேர். அவ்வளவு பூவும் பறந்து வந்து எங்கட முகத்துல ஒட்டும். இவையள் மேல்மாடியில நிண்டு பாக்கட்டும். எனக்குக் கண்ணுதான் தேவை."

பஹ்மிதா பூத்தட்டை அங்கேயே, அதிபர் சேரின் மேசையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மாடி வகுப்பறையில் கோகுலன் அண்ணன் ஒரு மேசை மின்விசிறியைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்தார். கீழே ஒரு பொலித்தீன் சொப்பிங் பேக்கைப் போட்டார். பேக் பக்கமாக ஓடியது. சுவரில் முட்டியது. மேலே எழும்பியது. பிறகு யாரும் நினைக்காதபடி திரும்பி வந்து, மின்விசிறியின் முதுகுப் பக்கம் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது.

"மேலயிருந்து அடிக்கிற காத்து தரையில பட்டு, ஓடி, எழும்பி, திரும்பவும் விசிறிக்குள்ளதான் போகும்," என்றார் கோகுலன் அண்ணன். "இந்த விசிறிக்குக் கம்பிக்கூடு இரிக்கி. ஹெலிகொப்டருக்கு இல்ல."

கோகுலன் அண்ணன் பேக்கைப் பிய்த்து எடுத்தார்.

"அதால எங்களிட்ட ஒரேயொரு சட்டம். ஏதாவது பிழையாத் தெரிஞ்சா, ஆர் வேணுமெண்டாலும் 'நிப்பாட்டுங்க' எண்டு சொல்லலாம். நான் ஏன் எண்டு கேக்க மாட்டன். முதல்ல நிப்பாட்டுவன். பிறகுதான் கேப்பன்."

"சும்மா பகிடிக்குச் சொன்னா?" என்று கேட்டாள் பஹ்மிதாவுக்குப் பக்கத்தில் நின்ற நஜ்லா.

"அப்பவும் நிப்பாட்டுவன். பிறகு உங்கட வீட்டுக்கு வந்து உம்மாட்டச் சொல்லுவன்."

நஜ்லா பஹ்மிதாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பந்தல் கழன்றது. பதாகை இறங்கியது. பின்னேரம் பஹ்மிதாவின் வீட்டில் வாப்பா தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் சிவப்புத் துணிச் சுருள்.

பஹ்மிதாவின் வாப்பா சீனிமுகம்மது கைத்தறி நெய்பவர். வருகிற ஆட்கள் நடந்து வர, மைதானத்திலிருந்து வாசல்வரை விரிப்பதற்கு நிலபாவாடை நெய்திருந்தார். பன்னிரண்டு யார் நீளம். நாலு நாள் வேலை. இப்போது எதுவும் வேண்டாம் என்கிறார்கள்.

"ஊருக்கு வாற ஆக்கள வெறும் மண்ணுல நடக்க உடுறதா? என்ன ஊர் எண்டு நினைப்பாங்க?" என்றார் வாப்பா.

"வாப்பா, அந்தச் சொப்பிங் பேக் இரிக்கே, அது திரும்பி வந்து..."

"ஓம் மகள், ஓம்," என்றார் வாப்பா. அவர் காது அவளிடம் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி. மாடி விறாந்தையில் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நின்றார்கள். மதிலுக்கு வெளியே ஊரே திரண்டிருந்தது. ஐஸ்பழக்காரர்கூட மணி அடிக்க மறந்து வானத்தைப் பார்த்தார்.

மைதானம் வெறுமையாக இருந்தது. சுற்றிவர ஆறு கம்பங்களில் காற்று அளக்கும் கருவிகள் மட்டும். யதுசா மிஸ் கட்டடத்தின் மறுபக்கம், கணினியோடு இருந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. நெஞ்சுக்குள்ளே தட்டுகிற சத்தம். பிறகு கடலுக்கு மேலே ஒரு புள்ளி.

"வருகுது, வருகுது," என்று நஜ்லா பஹ்மிதாவின் கையைக் கிள்ளினாள்.

பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்ற கோகுலன் அண்ணன் தொலைநோக்கியில் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கடலையே பார்த்தார்கள். மைதானத்தைப் பார்க்கவேண்டும் என்று பஹ்மிதாவுக்கு நினைவு வந்தது. கண்தானே தேவை என்று யதுசா மிஸ் சொல்லியிருந்தார்.

குனிந்து பார்த்தாள். வாசல் பக்கம் சிவப்பாக ஏதோ ஓடியது.

நிலபாவாடை. வாசலில் காவல் நின்ற அதிபர் சேரே கதவைத் திறந்து விட்டிருந்தார். வாப்பா குனிந்து குனிந்து துணியை விரித்துக்கொண்டே மைதானத்துக்குள் போனார். நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்தார். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, அழகு பார்த்தார்.

நாலு நாள் வேலை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது நிறுத்தினால் எல்லாரும் வாப்பாவைத்தான் பார்ப்பார்கள். சிரிப்பார்கள். வாப்பா நாளைக்குக் கடைத்தெருவில் எப்படி நடப்பார்?

ஹெலிகொப்டரின் வயிறு இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"நிப்பாட்டுங்க," என்றாள். குரல் எழும்பவில்லை. மூச்சை இழுத்து மறுபடி கத்தினாள். "அண்ணன், நிப்பாட்டுங்க!"

கோகுலன் அண்ணன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோய் ஒரே சொல் சொன்னார். ஹெலிகொப்டர் மூக்கைத் தூக்கிக் கடல் பக்கம் திரும்பியது.

மதிலுக்கு வெளியே பெரிய முனகல் எழுந்தது.

"என்ன திரும்பிப் போகுது?"

"எண்ணெய் முடிஞ்சிருக்கும்."

"எங்கட ஊருக்கு வந்தாத்தான் எல்லாத்துக்கும் எண்ணெய் முடியும்."

அதிபர் சேர் மூச்சு வாங்க மாடிக்கு ஏறி வந்தார். "ஆர் நிப்பாட்டின?"

"நான்தான் சேர்."

"உனக்கு என்ன புள்ள தெரியும்?"

"சேர், கேள்வி கேக்கிற வேலை எங்கட," என்றார் கோகுலன் அண்ணன். பிறகு பஹ்மிதாவிடம் மெதுவாகக் கேட்டார். "என்ன கண்டீங்க?"

"துணி." எச்சில் விழுங்கினாள். "என்ட வாப்பாட துணி. வாப்பாவும் அங்கதான் நிக்கிறாங்க."

கோகுலன் அண்ணனின் முகம் வெளுத்தது. எல்லாரும் கீழே ஓடினார்கள். மறுபக்கத்திலிருந்து யதுசா மிஸ்ஸும் ஓடி வந்தார்.

வாப்பா துணிக்குப் பக்கத்தில் குழம்பிப்போய் நின்றார். "பறக்காது மிஸ். செங்கல் வெச்சிருக்கன். நாலு மூலைக்கும் நாலு."

யதுசா மிஸ் பேச வாய் திறந்தார். பஹ்மிதா முந்திக்கொண்டாள்.

"வாப்பா, நீங்க நெய்த துணிக்குள்ளால காத்துப் போகுமா?"

"என்ட துணியிலயா? தண்ணியே சுறுக்காப் போகாது மகள். அவ்வளவு நெருக்கம்." அந்த நேரத்திலும் வாப்பாவுக்குப் பெருமை.

"அப்ப துணிக்கு அடியில புகுந்த காத்து எங்கால வெளிய போகும்?"

வாப்பா குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கினார். துணியைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார்.

"செங்கல்லையுமா தூக்கும்?" என்றார், இரகசியம் கேட்பதுபோல.

"தெரியாது," என்றார் யதுசா மிஸ். "பொலித்தீன் அளந்திருக்கம். ஓலை, தகரம் எல்லாம் அளந்திருக்கம். நிலபாவாடைய எங்கட பட்டியல்ல போடவே இல்ல."

"அப்ப அளந்து பாப்பமே மிஸ்," என்றாள் பஹ்மிதா. "கொஞ்சத் துணிய மதில் ஓரத்துக் கம்பத்துல கயித்தால இறுக்கிக் கட்டுவம். மேல செங்கல் வைப்பம். பறந்தாலும் விசிறிப் பக்கம் போகாதே."

யதுசா மிஸ் கோகுலன் அண்ணனைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஹெலிகொப்டர் திரும்பி வர இருவது நிமிசம் இரிக்கி. செய்யலாம்."

யாரும் கேட்கவில்லை. வாப்பா தானே துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்தார். 'சர்ர்' என்று இரண்டு யார் கிழித்தார். பஹ்மிதா கிழிந்த ஓரத்தையே பார்த்தாள்.

"பாத்துக்கொண்டு நிக்காமக் கயிறக் கொண்டா," என்றார் வாப்பா.

இந்த முறை வாப்பாவும் மாடியில், அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அதிபர் சேர் வாசல் கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏறி வந்தார்.

ஹெலிகொப்டர் வந்தது. சத்தத்தில் யன்னல்கள் நடுங்கின. மணல் எழும்பியது. பிள்ளைகள் ஒரே குரலில் எண்ணினார்கள்.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு."

துணியின் ஒரு மூலை துடித்தது.

"நாலு."

செங்கல் சறுக்கியது. அடுத்த கணம் சிவப்புத் துணி சுவர் மாதிரி எழுந்து நின்றது. மற்றச் செங்கற்களும் உருண்டன. கயிறு விறைத்து 'பட் பட்' என்று அடித்தது. அந்தக் கயிறு மட்டும் இல்லாவிட்டால்?

வாப்பா விறாந்தைக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "யா அல்லாஹ். இது ரெண்டு யார்தான். முழுத்துணிக்குப் பக்கத்துல நான் நிண்டனே."

ஹெலிகொப்டர் மெல்ல மண்ணைத் தொட்டது. ஊரே கைதட்டியது. விசிறி சுற்றிச் சுற்றிக் களைத்து, நின்றது. யதுசா மிஸ் கையைக் காட்டிய பிறகுதான் அதிபர் சேர் திறப்பை வெளியே எடுத்தார்.

வாப்பா மீதித் துணியோடு இறங்கிப் போனார். இப்போது விரிக்கலாம். ஆனால் வாசலுக்கு இரண்டு யார் எட்டவில்லை. துணி முடிந்த இடத்தில் விமானி ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு சிறுபிள்ளை மாதிரி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வாசலைத் தாண்டினார். நஜ்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வகுப்பறையில் யதுசா மிஸ் அறிக்கை எழுத உட்கார்ந்தார். "நாலாவது செக்கன்ல செங்கல் சறுக்கினது. இனிப் போற ஊரெல்லாம் முதல்ல இதைத்தான் சொல்லுவம்."

வாப்பா தொண்டையைச் செருமினார். "துணி விரிச்ச ஆள்ட பேரையும் எழுதுவீங்களா மிஸ்?"

"இல்ல. பிழை விட்டவட பேர எழுதினா, அடுத்த ஆள் தன்ட பிழைய ஒளிச்சிருவார். பிறகு நாங்க ஒண்டும் படிக்க ஏலா. நிப்பாட்டினவட பேர் மட்டும்தான்." பேனையைத் திறந்தார். "சொல்லுங்க, முழுப்பேர்?"

"சீனிமுகம்மது பஹ்மிதா."

யதுசா மிஸ் எழுதி முடிக்கும்வரை வாப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"முன்னுக்கு என்ட பேர்தானே நிக்கிது," என்றார், அதிபர் சேருக்கும் கேட்கிற மாதிரி.