சீப்புச் சின்னம்

எங்கள் ஹாலில் நான்கு தேர்தல் போஸ்டர்கள் தொங்குகின்றன. எல்லாம் பழைய உள்ளாட்சித் தேர்தல் போஸ்டர்கள். இப்படி மாட்டுவதுதான் இப்போது ஃபேஷன் என்று அம்மா ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தார். நல்லதாகப் பொறுக்கி ஃப்ரேமில் வைக்கும் வேலை என்னுடையது.

குடை, பட்டம், மேசை விளக்கு என்று மூன்றை எடுத்தேன். நான்காவதைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை. படத்தில் இருந்தவருக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை. அவருடைய சின்னமோ சீப்பு!

அவர் வேறு யாருமில்லை. எங்கள் சிட்லபாக்கம் தெருவில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் பொன்னுரங்கம் அங்கிள்தான். மோட்டார் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அவர் எங்கே ஹாலுக்கு வரப் போகிறார் என்று நினைத்தேன். போஸ்டர் ஃப்ரேமைவிட நான்கு விரல் நீளம். அடியில் ஏதோ பொடி எழுத்து. படிக்காமலே மடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் நண்பர் வில்பிரட் அங்கிள் சாப்பிட வந்தார். போஸ்டரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவருக்கு எதுக்குப்பா சீப்பு?"

"ஜெயிச்சா முடி மொளைக்கும்னு நெனச்சிருப்பாரு!" என்றார் அத்தா.

எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். திரும்பினால், வாசலில் ஸ்பேனரோடு பொன்னுரங்கம் அங்கிள்! பின்னால் மோட்டார் வேலையை முடித்துவிட்டுச் சொல்ல வந்திருக்கிறார்.

அவர் போஸ்டரையே பார்த்தார்.

"நான் குடைதான் கேட்டேன் பாய். குலுக்கல்ல சீப்பு வந்துச்சு. இன்னா பண்றது? சரி, சுவிட்ச போட்டுப் பாருங்க."

அம்மா டீ கொண்டு வந்தார். எங்கள் வீட்டு டீயை அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சாயங்காலம் ஃப்ரேமைக் கழற்றி, மடிப்பைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன்.

'ஜெயித்தாலும் தோற்றாலும், மழைத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வந்தால் கூப்பிடுங்கள். மோட்டாரோடு வருவேன்.'

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாஹிரா, பெருவெள்ளம் வந்தப்போ நீ கைக்குழந்தை. வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. நாங்க கூப்பிடக்கூட இல்ல. அவராவே மோட்டாரோட வந்து நின்னாரு."

"அத்தா, அங்கிள் நின்ன தேர்தல்ல நீங்க யாருக்கு ஓட்டு போட்டீங்க?"

அத்தா நெற்றியைத் தடவினார். "போகவே இல்லம்மா. லீவு நாள்தானேன்னு தூங்கிட்டேன்."

மறுநாள் பள்ளி விட்டதும் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு பொன்னுரங்கம் அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

"அங்கிள், இந்த வரிய நான்தான் மடிச்சேன். படிக்காமலே மடிச்சுட்டேன். சிரிச்சதும் தப்பு. சாரி."

அவர் அந்த வரியை விரலால் தடவினார்.

"எத்தினி ஓட்டு வாங்கினேன் தெரியுமா? முப்பத்தொம்போது! மொகத்தப் பாத்தாங்க, சீப்பப் பாத்தாங்க. இத யாரும் படிக்கல பாப்பா."

"நீங்களே வச்சுக்குங்க அங்கிள்."

"என் வூட்ல சொவத்துல எடம் எங்க கீது? உங்க வூட்லயே மாட்டு. மடிக்காம மாட்டு."

புதிதாகப் பெரிய ஃப்ரேம் வாங்கி மாட்டினோம். இப்போது அந்த வரி நன்றாகத் தெரிகிறது. ஆனால் அன்று நான் சிரித்த சிரிப்பை எந்த ஃப்ரேமுக்குள்ளும் மடித்து ஒளிக்க முடியவில்லை.

போன வாரம் மோட்டார் பார்க்க அவர் வந்தார். அம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். "உள்ள வாங்க அங்கிள்" என்றேன்.

"இருக்கட்டும் பாப்பா" என்று வாசலிலேயே நின்றார்.

நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அத்தாவும் தன் டீயோடு வாசலுக்கு வந்தார்.