கை படாத மாவு

உப்புப் போடாத மாவு முக்கால் மணி நேரத்தில் பொங்கி, குண்டாவின் விளிம்பைத் தாண்டிச் சமையல் மேடையில் வழிந்திருந்தது.

டெய்சிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றாள். கிணத்துக்கடவில் மாமியார் சூசைமேரியின் சமையலறையில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு, அரைத்த மாவில் ஒரு நாள்கூடக் கை வைக்கக் கொடுத்துவைக்கவில்லை. “உங் கைக்கு மாவு பொங்காது கண்ணு” என்று அந்த அம்மாள் தேனொழுகச் சொல்லிக் குண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சிரித்த முகத்தோடு சொல்லும் ஒரு பேச்சை ஒன்பது வருஷம் கேட்டால் யாருக்கும் தன் கையே தனக்கு அருவருப்பாகத்தான் போகும். இன்றைக்குக்கூட அவள் கரண்டியால்தான் மாவை வழித்துப் போட்டிருந்தாள். புது வீட்டில் உப்பு இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வர, கரைக்காமல் அப்படியே மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தாள்.

மாவின் மேல் ஐந்து தடங்கள் இருந்தன. யாரோ விரல்களை அகல விரித்து உள்ளே விட்டு, வட்டமாகச் சுற்றிக் கரைத்துவிட்டு எடுத்ததுபோல ஆழமாக இருந்தன. கரண்டி பட்டதாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தடங்களுக்கு நடுவில் ஒரு குமிழ் மெல்ல எழும்பி உடைந்தது.

கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே, மாடியில் ஒன்றரை அறை. இரும்பு சீவும் சத்தம் நாள் முழுக்க ஜன்னலில் வந்துகொண்டிருக்கும். புருஷன் ஜெஃபின் வேறொருத்தியோடு போனிலேயே குடித்தனம் நடத்துவது தெரிந்த அன்று ஒரே பெட்டியோடு வெளியே வந்தவள் அவள். சரவணம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிற சம்பளத்தில் இந்த வீட்டை நிரப்ப வேண்டியிருந்தது. ஹாஸ்டலைக் காலி செய்த பையன்களிடம் வாங்கிய மெத்தையோடு ஒரு இரும்புக் கட்டில், கூட வேலை செய்கிறவள் கொடுத்த அடுப்பு, ஒரு கால் சற்றே குட்டையான நாற்காலி. எல்லாம் அடுத்தவர் உடம்பு பட்டவை. மெத்தையில் படுத்தால் வேறு எவனோ படுத்துப் படுத்து உண்டாக்கிய பள்ளத்துக்குள் உருண்டு போனாள்.

இத்தனை அவசரமும் ஜோவிட்டாவுக்காக. ஆறு வயது மகள். பங்குச்சாமியார் முன்னால் பேசி முடித்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெஃபின் குழந்தையைக் கூட்டிவந்து வீட்டைப் பார்ப்பான். பிள்ளை வளர்கிற வீடாக இருந்தால் இங்கேயே விட்டுவிடுவான். இல்லையென்றால் கிணத்துக்கடவில் பாட்டியிடம்தான். டெய்சி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சூசைமேரி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தார். கடைசி வரி, கிரைண்டர். பிள்ளை இட்லி தோசை தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள், பாக்கெட் மாவு அவளுக்கு ஒத்துக்காது, ஆகவே கிரைண்டர் இல்லாத வீட்டுக்கு அனுப்புவதற்கில்லை.

புதிது வாங்க வழியில்லை. பழைய சாமான் கடை ரசாக் பாய்தான் இதைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினார். தரையில் நிற்கிற பெரிய டில்டிங் கிரைண்டர். கைப்பிடியை இழுத்தால் டிரம் சாயும், மாவை வழித்துக்கொள்ளலாம். கல் என்னவோ நல்ல கல்தான். தொட்டபோது உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. வெயிலில் கிடந்ததால் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

வழிந்ததைத் துடைத்துவிட்டு அன்று சாயங்காலமே, அந்தக் கிரைண்டரில் அரைத்த அந்த முதல் மாவில் தோசை வார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு தோசையை அவள் பிறந்ததிலிருந்து தின்றதில்லை. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல், அடுப்பருகே நின்றபடியே, கல்லிலிருந்து எடுத்து எடுத்து மூன்று தின்றாள். நாலாவதில் பல்லுக்கு நடுவே ஏதோ நறுக்கென்றது.

துப்பிப் பார்த்தாள். நகம். வளைந்து, தடித்து, மஞ்சள் ஏறிய நகத்துண்டு. டெய்சியோ நகத்தைக் கடித்துக் கடித்துச் சதையோடு வைத்திருப்பவள். நகத்தின் உட்புறத்தில் வெந்த தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தின்றதெல்லாம் வந்த வழியே திரும்பியது. வாந்தியிலும் அதே ருசி இருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டலாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் மிச்ச மாவை பாத்ரூம் சாக்கடையில் ஊற்றினாள். கிரைண்டரை வெந்நீர் விட்டு, கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்தாள். குழவிக்குக் கீழேயிருந்து தேங்காய்நாரில் சுற்றிக்கொண்டு ஒரு நரைமுடி வந்தது. இழுத்தாள், இன்னொன்று. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு சிறு முண்டு. எல்லாவற்றையும் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டு, டிரம்மைத் துணியால் ஒற்றி எடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முழுக்க டோக்கன் கேட்டு வந்தவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. புளித்த வாடையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். இது நாள்கணக்கில் கட்டிவைத்த புண்ணின் துணியை அவிழ்த்தால் வருவது, அதற்கடியில் கழுவாத அக்குளின் கசப்பு, அதற்கும் அடியில் வயசான வாயின் காற்று, எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சமும் கூச்சமில்லாமல் நல்ல உளுந்தின் மணம், அதை மோந்ததும் வாயில் எச்சில் ஊறிவிட்டது என்பதுதான் வெட்கக்கேடு. துடைத்துக் காயவிட்டுப் போன டிரம்மின் அடியில் வெள்ளையாக ஈரம் தேங்கியிருந்தது. மேலே காய்ச்சிய பாலில் படிவதுபோல ஆடை. கரண்டிக் காம்பால் தொட்டாள். ஆடை சுருங்கிப் பின்வாங்கியது.

ரசாக் பாய்க்குப் போன் போட்டாள். கல் கொத்த வேண்டுமா என்று அவர் விசாரித்தார். வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். டெம்போக்காரன் ஊரில் இல்லை, அடுத்த வாரம் ஆகும் என்றார். இது யார் வீட்டுச் சாமான் என்று கேட்டாள்.

“ஆறு மாசமா பூட்டிக் கெடந்த ஊடுங்கம்மா” என்றார். “கட்டிலு, பீரோ எல்லாம் தூசி ஏறிக் கெடந்துதுங்க. இதுல மட்டும் மாவு காயவே இல்லீங்க. அப்பத்தான் அரைச்சாப்புல ஈரமா இருந்துதுங்க. நாந்தான் ஆசிட் ஊத்திக் கழுவிப்போட்டேன்.”

கழுவினால் போய்விடும் என்று நினைத்தாராம். பணத்தை முழுசாகத் தந்துவிடுவதாகவும் சொன்னார். எந்த வியாபாரி வலிய வந்து பணத்தைத் திருப்பித் தருவான்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மாசாணியம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மாவைச் சாக்கடையில் ஊற்றலாமா, கீழே பாத்ரூமில் பொங்கி நிற்கிறது, காலையிலிருந்து ஆறு பக்கெட் அள்ளிப்போட்டேன் என்று வருத்தப்பட்டுச் சொன்னார். டெய்சி ஊற்றியது ஒரு குண்டா. மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் போகாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, பகல்ல கூட யாரு இருக்கறாங்க? நீங்க வேலைக்குப் போனதுலருந்து கிரைண்டரு ஓடிட்டே இருக்குதுங்களே.”

பிளக் தரையில் கிடந்தது. டெய்சி அதைப் பார்த்தாள். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்திருந்தார் என்று பொய் சொன்னாள்.

சனிக்கிழமை அவள் அதை வெளியே தள்ளத்தான் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து மாடிப்படி வரைக்கும் நகர்த்திவிட்டாள். ஒரு எத்து விட்டால் போதும், உருண்டு போய்த் தொலையும். அப்போது மாமியாரின் கடைசி வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரு நாள். ஜெஃபின் பார்த்துவிட்டுப் போகட்டும், திங்கட்கிழமை யாருக்காவது காசு கொடுத்துத் தூக்கிப்போகச் சொல்லலாம். பிள்ளை வேண்டுமே. அவளே, தன் கையாலேயே, அதைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

டிரம்மை மறுபடி துடைத்துப் பெட்ஷீட்டால் மூடி, கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். முக்குக் கடையில் இரண்டு பாக்கெட் மாவு வாங்கி மறைத்துவைத்தாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஜெஃபின் வந்தான். ஜோவிட்டா வெள்ளைக் கவுனில், ரிப்பனோடு, ஓடிவந்து டெய்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தலையில் தேங்காயெண்ணெய் வாசம். நாலு நாளாக அவள் மோந்த ஒரே சுத்தமான வாசம் அதுதான், விடவே மனமில்லை. அதற்குள் ஜெஃபின் சமையலறைக்குள் போய்விட்டான். என்ன இது மூட்டை மாதிரி கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டபடி கயிற்றை உருவினான்.

டிரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, நுரைத்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டு.

அவன் ஒரு விரலை விட்டு வழித்தான். வாயில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்ற கத்தல் டெய்சியின் வாய்வரை வந்தது. கத்தினால் என்ன சொல்வது? ஏன் என்று கேட்டால்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான். அவன் விரலைச் சப்புவதை, நாக்கால் பல்லிடுக்கைத் துழாவுவதை, ஏதோ மெல்லிசாக ஒன்றை இழுத்துப் பார்க்காமலேயே பேண்ட்டில் துடைப்பதை, வாயை மூடிக்கொண்டு பார்த்து நின்றாள்.

“நல்லாப் பொங்கியிருக்குது” என்றான். “அம்மா கை மாதிரியே இருக்குது, போ.”

அவ்வளவுதான். பையை வைத்துவிட்டு, மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். பிள்ளை அவளுக்கு. டெய்சி சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் பெட்ஷீட்டை மறுபடி இழுத்துக் கட்டி, பாக்கெட் மாவில் இட்லி ஊற்றித் தட்டில் வைத்தாள். ஜோவிட்டா ஒரு விள்ளல் வாயில் போட்டுத் துப்பினாள். இது வேண்டாம், அப்பா சாப்பிட்டது வேணும் என்று அடம்பிடித்தாள். அதட்டி, கொஞ்சி, பிஸ்கட் கொடுத்துக் கட்டிலில் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் சாய்ந்தாள். நாலு நாள் தூங்காத கண். மூடிவிட்டது.

சத்தம்தான் எழுப்பியது. பட்டறைகள் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. தெருவே ஓய்ந்து கிடந்த மத்தியானத்தில் கல்லின் மேல் கல் உரசும் சத்தம். சளக், சளக் என்று நடுவில் ஈரமாக ஒன்று. பக்கத்தில் கை நீட்டினாள். மெத்தைப் பள்ளம். பிள்ளை இல்லை.

ஓடினாள்.

பெட்ஷீட் தரையில். பிளக் தரையில். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜோவிட்டா நாற்காலியில் முழங்காலிட்டு, வலது கையை முழங்கைவரை மாவுக்குள் விட்டிருந்தாள்.

“கையப் புடிச்சுட்டாங்கம்மா” என்றாள். “உட மாட்டேங்கறாங்க.”

டெய்சி பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். குழந்தை வீறிட்டாள். மாவு முழங்கையிலிருந்து தோள் பக்கம் ஏறியது. ஆடை கட்டிய மாவு. அதற்கடியில் புடைப்புகள். நகர்கிற புடைப்புகள்.

யோசிக்க நேரமில்லை. தன் கையை உள்ளே விட்டாள்.

சூடு. வாய்க்குள் விட்டதுபோலச் சூடு. வழவழவென்று. முடி. மிருதுவாக ஏதோ. பிள்ளையின் மணிக்கட்டைத் தேடினாள். அகப்பட்டது. அதைச் சுற்றி விரல்கள். தோல் உரிந்து வழுக்கும் விரல்கள். நகம் சில இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எண்ணினாள். ஐந்து. ஆறு. ஒன்பது.

விட்டன. பிள்ளையை விட்டன. டெய்சியின் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக நுழைந்து கோத்துக்கொண்டன. மெதுவாக, வட்டமாக, அவள் கையைச் சுற்ற ஆரம்பித்தன.

“கீழே ஓடு கண்ணு” என்றாள். “ஊட்டுக்காரப் பெரியம்மாகிட்டப் போ. ஓடு.”

ஜோவிட்டா நாற்காலியிலிருந்து இறங்கினாள். அழுகை நின்றிருந்தது. முழங்கைக்கு மேல்வரை வெள்ளையாக இருந்த கையைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரலை வாயில் வைத்தாள். அப்புறம் மோதிரவிரல். உள்ளங்கை. மணிக்கட்டு. முழங்கை மடிப்பிலிருந்து ஒரு நரைமுடியை உதட்டால் கவ்வி உறிஞ்சிக்கொண்டாள்.

டெய்சி தோள்வரை உள்ளே இருந்தாள். கத்தினாள். ஓடு, ஓடு என்று கத்தினாள்.

பிள்ளை நாற்காலியில் மறுபடி ஏறி, இடது கையை நீட்டினாள்.