மூன்று ஜோடி செருப்பு

குடிலின் மரப்படியில் மூன்று ஜோடி கிடந்தன.

காரிலிருந்து கடைசிப் பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் கௌரிசங்கர் கவனித்தான். அவனுடைய ஷூ. வர்ஷாவின் வெள்ளைக் கான்வாஸ். அவற்றை ஒட்டி, பழுப்புத் தோல் செருப்பு. இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வந்து எட்டு வருஷமாகியும் வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் போகவில்லை. ஆனால் வந்தது இரண்டு பேர்தான்.

"வர்ஷா, இன்னொரு செருப்பு கொண்டு வந்தியா?"

"இல்லையே. முன்னாடி தங்குனவங்க யாராவது விட்டுட்டுப் போயிருப்பாங்க."

அந்த ஊக்கைக் குத்திக் கொடுத்தவனே அவன்தான். அந்தச் செருப்பைப் பிறகு மல்கிரேவில் இருக்கும் தன் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டவனும் அவன்தான்.

கேட்டைத் தாண்டியபோதே இடம் தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் வெள்ளையாக இருந்த, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் இந்த மேய்ப்பர் குடிலுக்கு இப்போது பச்சை பெயின்ட். கீழே இருந்த இரும்புச் சக்கரங்களும் மேலே இருந்த தகரக் கூரையும் அதேதான். திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். முதல் மனைவி லக்ஷ்மிப்ரியா வீட்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாள் என்றல்லவா இவளிடம் சொல்லி வைத்திருக்கிறான்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். அதற்காக வாயைத் திறந்துவிடுமா என்ன?

"இந்த இடத்த எப்படிப் புடிச்ச?"

"நீங்கதானே லிங்க் அனுப்புனீங்க? கல்யாண நாளுக்கு இங்கதான் போகணும்னு." வர்ஷா கொட்டாவி விட்டாள். ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடித்து நேராகக் கிளம்பி வந்தவள். ஏழு மணிக்கெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிவிட்டாள்.

அவன் எந்த லிங்கும் அனுப்பவில்லை.

விறகடுப்பில் யூகலிப்டஸ் கட்டை வெடித்து எரிந்துகொண்டிருக்க, குளிரில் சுருங்கிய தகரக் கூரை யாரோ விரலால் சுண்டுவதுபோல டிக் டிக்கென்று சத்தமிட, பலகை இடுக்கு வழியே ஈரப் புல்லும் ஆட்டு வாடையும் கலந்து வர, அவன் திறக்காத ஷாம்பெயின் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கும் ஜூலை மாதம், இந்த நாட்டில் நடுக்குளிர்காலம். அம்மாவிடம் போனில் அழுதாள் என்பதற்காக லக்ஷ்மிப்ரியாவை இதே குடிலிலிருந்து வெளியே தள்ளி, "அங்கயே நில்லு, புத்தி வரட்டும்" என்று தாழ்ப்பாள் போட்டான். வெறுங்காலோடு எங்கே போய்விடுவாள் என்று செருப்பையும் முன்னதாகவே எடுத்து அடுப்பருகே வைத்திருந்தான். அவள் தட்டினாள். அவன் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு தூங்கிவிட்டான். எத்தனை மணி வரை தட்டினாள் என்று அவனுக்குத் தெரியாது. விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. படியில் சுருண்டு கிடந்தாள். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

தூக்கத்தில் நடக்கும் வியாதி என்று போலீசிடம் அழுதான். பாவி, நன்றாகவே அழுதான். இயர்போன் போட்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை என்றான். அது மட்டும் உண்மை.

எழுந்து ஜன்னல் வழியே படியைப் பார்த்தான். முன்பு வெளியே பார்த்துக் கிடந்த பழுப்புச் செருப்பு இப்போது கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வர்ஷா கண்ணில் பட்டுக் கேள்வி வருவதற்குள் தொலைத்துவிட வேண்டும். சாக்ஸோடு வெளியே போய்ச் செருப்பை எடுத்தான்.

சூடாக இருந்தது. இப்போதுதான் காலிலிருந்து கழற்றியதுபோல.

அலறாமல் இருட்டுக்குள் வீசினான். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. கத்திக்கொண்டிருந்த ஆடுகள் ஒட்டுமொத்தமாக நிறுத்திக்கொண்டன.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து.

"வர்ஷா! கதவத் திற!"

போன் உள்ளே. கார் சாவி உள்ளே. ஓடிவிடலாம் என்று நினைத்தான். கால் படியை விட்டு நகரவில்லை. ஷூவுக்காகக் குனிந்தான். ஷூ இல்லை. வர்ஷாவின் கான்வாஸ் மட்டும். அதன் பக்கத்தில் பழுப்புச் செருப்பு. ஊக்கோடு.

தட்டினான். கண்ணாடியைக் குத்தினான். முட்டியில் தோல் கிழிந்தது. சத்தமே வரவில்லை. சாக்ஸுக்குள் ஈரம் ஏறியது. எட்டு மணிகூட ஆகவில்லை. விடிய இன்னும் பதினொன்றரை மணி நேரம்.

முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி உள்ளே பார்த்தான்.

அடுப்பருகே அவனுடைய ஷூ, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. வர்ஷா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில், அன்றைக்குப் போட்டிருந்த அதே மஞ்சள் சுடிதாரில், லக்ஷ்மிப்ரியா உட்கார்ந்திருந்தாள். தோலில்லாத விரல் முட்டிகள் வெளியே தெரிய, இரண்டு உள்ளங்கைகளாலும் வர்ஷாவின் காதுகளை மெல்லப் பொத்தியபடி, கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.