முளைக்காத சோளம்

மூட்டைக்குள் கையை விட்ட சுவாமிதாஸ் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் கக்கம் மாதிரி.

பாறசாலையில் விதை வியாபாரம் அவருக்கு. விதைக்கென்று வாங்கிப்போட்ட மக்காச்சோளம், வீட்டை ஒட்டிய கிட்டங்கியில், இடவப்பாதி மழைக்குக் கூரை ஒழுகி நனைந்துவிட்டது. ஈரச்சாக்கில் பொதிந்துவைத்துப் பார்த்தார், ஒன்றுகூட முளைக்கவில்லை. மணிகளின் மேல் படர்ந்திருந்த பச்சைப் பூசணம், ஊதினால் புகையாய்ப் பறந்து மூக்கில் ஏறி, நனைந்த கம்பளியும் புளித்த கள்ளும் கலந்த வாடையாகத் தொண்டையிலேயே தங்கியது.

விதைக்கு ஆகாது. மாவுக்கு ஆகும். கழுவிக் காயவைத்துப் பாதியைப் போன மாதமே மில்லுக்கு அனுப்பியிருந்தார்; மாவு கடைகளுக்குப் போனது.

போன வருஷம் இதுபோல நனைந்த சோளத்தைத் தின்று பக்கத்து வீட்டுக் கோலப்பனின் கோழிகள் மொத்தமாகச் செத்தன. அன்று வந்து பார்த்த விவசாய இலாகா கிருஷி ஆபீசர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. "பூசணம் கழுவினா போயிடும். அதோட விஷம் வேகவச்சாலும் போகாது. ஈரலைத் தின்னும்."

மிச்ச மூட்டைகளைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். மழைக்கு இருண்ட சாயங்காலம். ஓட்டில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் புட்டுக்குடம் உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்க, தேங்காய்ப்பூ மணத்தோடு சேர்ந்து மெல்ல வந்தது அந்த வாடை.

அதே வாடை.

பேறுகாலத்துக்கு வந்திருந்த மகள் ஆர்ஷா தட்டோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள்.

"எந்த மாவு?"

"நம்ம சோளம்தான்," என்றாள் மனைவி தாசம்மாள். "மில்லுலேருந்து வந்ததுல கொஞ்சம் எடுத்து வச்சேன். கடைச் சாமானை நம்ப முடியுமா? புள்ளத்தாச்சி தின்னுறதுல்லா."

"எப்பலேருந்து?"

"போன மாசம் அவ வந்த நாள்லேருந்தே."

வாசலில் வண்டி வந்து நின்றது. கடைக்காரர் பிச்சுமணி எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, போன லோடு மாவு நல்லா ஓடுது. அடுத்தது எப்ப? ஓ, வீட்டுலயும் இதுதானா?"

தட்டைப் பிடுங்கலாம். ஒரு வார்த்தை போதும். பிச்சுமணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார் சுவாமிதாஸ். "இதுதான்."

வண்டி போனது. தாசம்மாள் லைட்டைப் போட்டாள்.

"அப்பா, காலையிலேருந்து குழந்தை அனங்கவே இல்ல, ஒரு உதைகூட இல்ல," என்றாள் ஆர்ஷா. "உறங்குது போல."

சிரித்தாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தபடி, மறுகையால் அடுத்த வாய் புட்டைப் பிசைந்து உருட்டினாள்.