தட்டினால் நிற்கும் வண்டி

எமர்ஜென்சி வந்த வருஷம், பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் வண்டி வைத்திருந்தவர்களே அதை யார் தலையிலாவது கட்டிவிட அலைந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பர்னபாஸ் அப்போதுதான் வண்டி வாங்கக் கிளம்பினார். ஊர் கிழக்கே போனால் இவர் மேற்கே போவார்.

வண்டி காயல்பட்டினத்தில் நின்றது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகளைத் தாண்டிப் போனோம். பழைய பிக்கப் வேன். பின்பக்கம் முழுவதும் தகரம் அடித்து மூடிய கூடு. பெட்ரோலில் ஓடியதை யாரோ ஒரு திருநெல்வேலி மெக்கானிக் சமையல் கேஸில் ஓடும்படி மாற்றியிருந்தார். டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப்பக்கம், கூட்டுக்குள்ளே, சிலிண்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தரைவழியாக என்ஜினுக்குப் போயிற்று.

"பெட்ரோலுக்குப் போடுததுல பாதிகூட ஆவாது அண்ணாச்சி," என்றார் சொந்தக்காரர் செய்கு அப்துல் காதிர். அவருக்குத் துபாய் விசா வந்திருந்தது. வண்டியைக் கழித்துவிட்டால் நிம்மதியாகக் கப்பலேறுவார்.

என் தம்பி ரோச் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்மா சாகும்போது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். என் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. சங்கு குளிக்கிற மற்றப் பையன்களோடு அவனும் கடலுக்குள் மூச்சடக்கி முங்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மேலே வராமல் போய்விடுவான் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்காது. அழுது, ஏசி, பட்டினி கிடந்து அவனைக் கரையேற்றினேன். இந்த வண்டியே அவனுக்காகத்தான்.

செய்கு அப்துல் காதிரின் மனைவி ரஹ்மத்துன்னிஸா என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மறைச்சு விக்கிறது ஹராம் தங்கச்சி. அந்தக் கூட்டுக்குள்ள ஒருத்தன் செத்துட்டான். இசக்கியப்பன்னு லோடுமேன். சங்கு மூட்டைமேல படுத்துக்கிட்டு வந்தான். கேஸ் கசிஞ்சிருக்கு. நாத்தத்த சங்கு நாத்தம்னு நெனைச்சுட்டான்."

எனக்கு அது உடனே புரிந்தது. சங்குச் சதை அழுகும் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மூக்கு அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. கேஸிலும் ஓர் அழுகல் வாடையைத்தான் கலக்கிறார்கள், கசிந்தால் ஜனங்கள் பயந்து ஓடட்டும் என்று. வேறு ஊர்க்காரன் ஓடியிருப்பான். எங்கள் ஊர்க்காரன் புரண்டு படுத்துத் தூங்கியிருக்கிறான்.

"குழாய் புதுசா மாத்தியாச்சு. ஆனாலும் பின்னால ஆள மட்டும் ஏத்தாதீங்க," என்றாள்.

வண்டி எங்கள் வாசலுக்கு வந்த அன்றே நான் சட்டம் போட்டுவிட்டேன். கூட்டுக்குள் யாராவது ஏறினால் அப்புறம் இந்த வீட்டில் சோறு கிடையாது. ரோச் சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் இருக்கிற லோடுமேன் பலகையைத் தட்டினால் டிரைவர் வண்டியை நிறுத்தவேண்டும். மூட்டை சரிந்திருக்கும், இல்லை அவனுக்கு இறங்கவேண்டியிருக்கும்.

எட்டயபுரத்தில் கருவாடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பலகை தட்டப்பட்டது. பர்னபாஸ் பழக்கத்தில் நிறுத்திவிட்டார். ரோச் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். பட்டப்பகலிலும் இருட்டிக் கிடந்த கூட்டுக்குள் வெறும் சாக்குகள்தான் இருந்தன.

மறுநாளும் தட்டியது. பலகைக்கு ஆணி அடித்தார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அவர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே தட்டியது. சரக்கு இருந்தாலும் தட்டும், இல்லாவிட்டாலும் தட்டும். முதலில் நான் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. ஆனால் தினமும் வருகிற பேய்க்கு எத்தனை நாள்தான் பயப்படுவது? பர்னபாஸ் அதோடு பேசவே ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே இசக்கி, சும்மா இரு. ஊரு வந்தாச்சு."

"அவரு டிக்கெட் எடுத்தாரான்னு கேளுங்க மச்சான்," என்பான் ரோச்.

தருவைகுளத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்காக நானும் அவர்களோடு வண்டியில் போனேன். திரும்பும்போது சங்கு லோடு. மூட்டை ஏற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. முன்சீட்டில் என் பெட்டி, பலகாரக் கூடை எல்லாம் அடைத்துக்கொண்டன.

"நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்," என்று ரோச் தன் சேக்காளிகளைத் தேடிப் போனான்.

உப்பளத்துப் பாதை. இரண்டு பக்கமும் கண் கூசும் வெள்ளை. மண்ரோட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. வழக்கம்போல் இழுக்கவில்லை. லோடு அதிகம் என்றார் பர்னபாஸ்.

பலகை தட்டப்பட்டது.

"என்னவோ போல இருக்கு. நிறுத்துங்க," என்றேன்.

"இசக்கிதான் ளா. அவனுக்கு வேற சோலி என்ன?"

மறுபடியும் தட்டியது. வேகவேகமாக.

"ஏலே, பொறு. ஊரு வந்தாச்சு."

பிறகு மெதுவாக.

பிறகு, பலகையில் நகம் இழுபடும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

"பாத்தியா, சொன்னா கேட்டுக்கிடுதான்," என்று சிரித்தார்.

குடோன் வாசலில் பின்கதவைத் திறந்தார்கள். நாற்றம் முகத்தில் அடித்தது. சங்கு நாற்றம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ரோச் பலகையை ஒட்டிக் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூட்டை உரசி உரசிக் குழாய் கிழிந்திருந்தது. நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு வாயில் ஊதினேன், நெஞ்சில் அடித்தேன், மாதாவை ஏசினேன். கடலிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்த பிள்ளை தரையில் மூச்சில்லாமல் கிடந்தான்.

அடக்கத்துக்கு வந்த தருவைகுளத்து லோடுமேன் செல்லப்பாண்டி என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"பஸ்ஸ விட்டுட்டான் தாயி. ஓடிவந்து ஏறுனான். 'அக்காகிட்ட சொல்லாதீங்க, வைவா'ன்னுட்டு என்னையே வெளிய கொண்டி போடச் சொன்னான்."

அவன் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பர்னபாஸ் சிலிண்டரைக் கழற்றி எறிந்தார். வண்டியைப் பழையபடி பெட்ரோலுக்கு மாற்றினார். விலைக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். மத்தியானமானால் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய்விடுவார். பெட்ரோல் விற்கிற விலையில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே பேசியது. என்னோடு அவர் பேசுவதே இல்லை. ஒரு நாள் நான் கேட்காமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த இடம் வந்தது.

பலகை தட்டப்பட்டது.

அவர் உடனே நிறுத்தினார். இறங்கிப்போய்ப் பின்கதவை அகலத் திறந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கூடு காலி. காற்று அசையவில்லை. சிலிண்டர் இல்லாத வண்டியிலிருந்து அந்த அழுகல் வாடை வந்தது. இந்தத் தடவை அது சங்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"இறங்கு மாப்ள," என்றார் பர்னபாஸ், மிகவும் மெதுவாக. "கொஞ்சம் காத்து வாங்கு."

வண்டியின் பின்பக்கம் கிரீச்சென்று லேசாக உயர்ந்தது. லோடுமேன் குதித்து இறங்கினால் உயருமே, அப்படி.

பிறகு இன்னொரு முறை உயர்ந்தது.

எங்களுக்கு முன்னால் வெயிலும் உப்பும் மட்டும் இருந்தன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிரீச்சிட்டுத் தாழ்ந்தது.

இன்னொரு முறையும் தாழ்ந்தது.

பர்னபாஸ் கதவைச் சாத்தினார். கொண்டி போடவில்லை.