பின்னிருக்கையின் எடை

மூன்று தராசுகளின் எண்களையும் ஸாஹிர் இரண்டாம் தடவை கூட்டினான். விடை மாறவில்லை. நேற்றைவிட விமானம் அறுபத்தொரு கிலோ கூடியிருந்தது.

நேற்று மாலை எடை பார்த்த பிறகு அதில் ஓர் ஆணிகூட ஏறவில்லை. ஏறாவூர் வாவிக்கரையில் நின்ற அந்தத் தகரக் கொட்டகையைப் பூட்டியவனும் காலையில் திறந்தவனும் அவன்தான். தராசுகள் அரிசி ஆலையில் இரவல் வாங்கியவை. சக்கரங்களுக்குக் கீழ் இரண்டு, வாலைத் தாங்கிய முட்டுக்குக் கீழ் ஒன்று. வாலைத் தூக்கிய சங்கிலிக் கப்பியான செயின் புளொக்கைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதன் கொக்கி வாலில் மாட்டியபடி, சங்கிலி தளர்ந்து தொங்கியது. தராசுகளை ஒவ்வொன்றாக உருவி வெறுமையாகப் பார்த்தான். பூச்சியம். திரும்ப வைத்தான். அறுபத்தொன்று.

"ஜின் ஒண்டு டிக்கட் எடுக்காம ஏறிட்டுப் போல," என்றார் அசனார், மரத்தூளை ஊதிவிட்டபடி. விமானத்தின் மரச் சட்டங்களை எல்லாம் இழைத்துக் கொடுத்த தச்சர் அவர். இரண்டு இருக்கை வைத்தால் இரண்டு பேர் வரத்தானே செய்வார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். ஸாஹிர் சிரிக்கவில்லை.

அது ஒரு ஹரிகேன். உலகப்போர்க் காலத்தில் ஒரே ஒரு விமானி ஏறிப் போவதற்கென்று செய்த சண்டை விமானம். பனிச்சங்கேணிப் பக்கத்து வாவிச் சேற்றுக்குள் எண்பது வருடம் கிடந்தது. இங்கிலாந்தில் இருக்கும் உரிமையாளருக்கு அதை இரட்டை இருக்கைப் பயிற்சி விமானமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். சார்ஜாவில் பதினெட்டு வருடம் விமானத் தகடு வேலை செய்து திரும்பியவன் ஸாஹிர். முன்னால் விமானியின் இருக்கையை அப்படியே விட்டான். அதன் முதுகுக்குப் பின்னால், வானொலிப் பெட்டிகள் இருந்த வெற்றிடத்தில், இரண்டாவது இருக்கையையும் விமானத்தை ஓட்டும் பிடியான இரண்டாவது ஸ்டிக்கையும் வைத்தான். இரண்டு ஸ்டிக்கையும் காலுக்கடியில் ஒரு தண்டு இணைத்தது. எதை இழுத்தாலும் வாலின் மடல் உயரும். பின்னால் இருப்பவரின் கை செய்வதை முன்னால் இருப்பவரின் கை உணரும். படிக்கிறவன் பிழை விட்டால் பின்னால் இருக்கிறவர் தடுக்கலாம். பயிற்சி விமானத்தின் தத்துவமே அதுதான்.

நாளை காலை உரிமையாளரின் பொறியியலாளர் வருகிறார். பின்பக்கம் இப்படிக் கனத்தால் கையெழுத்து விழாது.

மூன்று எண்களும் கையில் இருந்தால், கூடுதல் எடை எந்த இடத்தில் விழுகிறது என்றும் கணக்குப் போடலாம். ஸாஹிர் போட்டான். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தான். பின்னிருக்கையில், சாய்மானத்துக்குச் சற்று முன்னால், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் அது விழுந்தது.

பென்சிலைக் கீழே வைத்தான். அறுபத்தொன்று என்ற எண் அவனுக்குத் தெரியும். போன வருடம் சங்கிலி இரவல் கேட்டு அரிசி ஆலைக்குப் போனபோது நல்லரத்தினம் இதே தராசில்தான் ஏறி நின்றார். நெல் தூசி படிந்த செருப்போடு நின்று, குனிந்து எண்ணைப் பார்த்து, "கலியாணத்தண்டைக்கும் அறுபத்தொண்டு, இண்டைக்கும் அறுபத்தொண்டு. அன்னத்திட சமையல் அப்பிடி," என்றார்.

நல்லரத்தினம் பனிச்சங்கேணிச் சுழியோடி, வாவிக்குள் மூழ்கித் தேடுகிறவர். சேற்றுக்குள் கிடந்த விமானத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தவர். அதைத் தூக்கிய அன்று செத்துப் போனார்.

அன்னப்பூரணி அவருடைய மனைவி. மரணத்துக்கு மூன்று மாதம் கழித்துத் தானாக வந்து வேலை கேட்டாள். ஸாஹிருக்கு மறுக்க வாய் வரவில்லை. வலை முடைந்து பழகிய விரல்கள். விமானத்தின் பின்னுடம்பைப் போர்த்தும் துணியை அவளே தைத்தாள், அங்குலத்துக்கு எட்டுத் தையல். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள். அதன்மேல் பூச்சு ஏற ஏறத் துணி பறையைப் போல இறுகியது. இதைத் தோணியாக ஓட்டினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்று அசனார் சொல்லுவார். அவள் அதற்கும் சிரித்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்கு அசனார் கைகால் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

"ஜும்ஆவுக்கு வரல்லியா?"

"நீங்க போங்க காக்கா. மறுகா வாறன்."

அவர் போன பிறகு வேலிக்கு அப்பால் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் சைக்கிள்கள். பிறகு ஒன்றுமில்லை. மழை கட்டிய வானம் பகலை மங்கலாக்கியிருந்தது. பூச்சின் காரமான வாடை தகரத்துக்கடியில் தேங்கி நின்றது. அதற்குள் இன்னொரு வாடையும் மெல்லக் கலந்து வந்தது. கண்டல் வேர்களுக்கு அடியில் கிடக்கும் கருஞ்சேற்றின் வாடை.

அன்னப்பூரணி கடைசித் தையலை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"நாளைக்கு இது போயிரும் தம்பி. அதுதான் கேக்கிறன். அவர் எத்தினை தரம் இழுத்தவர்?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று அவனுக்குத் தெரியும். விசாரணையில் சொன்ன பதில் நாக்கில் தயாராக இருந்தது.

"ரெண்டு தரம். தூக்கச் சொல்லி. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லக்கா."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்தினாள்.

"சரி. இனி நான் கேக்க மாட்டன்."

குடையை எடுத்துக்கொண்டு வாவிப் பக்கமாக நடந்தாள்.

விமானத்தைத் தூக்கிய அன்று இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, குழாய் முக்காலி நட்டு, இதே செயின் புளொக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். நல்லரத்தினம் இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். மறுமுனை ஸாஹிரின் கையில். ஒருதரம் இழுத்தால் நில். இரண்டுதரம் இழுத்தால் தூக்கு. முதலில் இரண்டு வந்தது. அவன் சங்கிலியை இழுக்கத் தொடங்கினான். பிறகு ஒன்று வந்தது. தெளிவாக வந்தது. ஆனால் காலையில்தான் ஆற்றுவாயை அடைத்திருந்த மணலை வெட்டி விட்டிருந்தார்கள். வாவி கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது, நீரோட்டம் சேற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. இப்போது விட்டால் விமானம் இனிக் கிடைக்காது. திரும்பவும் ஒன்று வந்தது. கயிற்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்தான். உள்ளங்காலில் மூன்றாவது ஒன்றையும் உணர்ந்தான்.

விமானம் மேலே வந்தபோது நல்லரத்தினம் அதற்குள் இருந்தார். விமானி இருக்கைக்குப் பின்னால், குழாய்களுக்கு நடுவே, கால் கம்பியில் சிக்கி, உட்கார்ந்த மாதிரி.

இன்று இரண்டாவது இருக்கை இருந்தது அந்த இடத்தில்தான்.

ஸாஹிர் ஏணியில் ஏறிப் பின்னிருக்கையில் கை வைத்தான். ஈரம். கூரையைப் பார்த்தான், அதற்கு மேலே ஓட்டை இல்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனான். சேறு. துணியால் துடைத்தான். துடைத்த இடம் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கறுத்தது.

உடம்புத் துணியை வாலிலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். டம். டம். டம். பின்னிருக்கைக்கு நேரே வந்ததும் ஓசை செத்தது. நிறைந்த குடத்தைத் தட்டியதுபோல் இருந்தது.

உள்ளே எங்கோ மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அறுபத்தொரு கிலோ தண்ணீர், வேறொன்றுமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அப்படியென்றால் இணைப்புத் தண்டும் நனைந்திருக்கும், ஸ்டிக் இறுகியிருக்கும். பார்க்க வேண்டும். முன்னிருக்கையில் இறங்கினான். அந்த விமானத்துக்குத் தரை கிடையாது. பாதம் வைக்கும் இரண்டு தகடுகளுக்கிடையே குழாய்களும், அவற்றுக்குக் கீழே நேரே வயிற்றுத் துணியும்தான். மழை பிடித்தது. முன்பக்கக் கூரை ஓட்டையால் சாரல் அடித்ததால் கண்ணாடி மூடியைத் தலைக்கு மேல் இழுத்து மூடினான்.

தகரத்தில் விழுந்த மழை தூரமாகிவிட்டது. அவனுடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. முகப்பின் மேலே விமானி பின்னால் பார்ப்பதற்கான சின்னக் கண்ணாடி. அதில் வாலும், வாலில் மாட்டிய கொக்கியும், திறந்திருந்த கொட்டகை வாசலும் தெரிந்தன. சற்றுக் கீழே சாய்த்தால் பின்னிருக்கையும் தெரியும். அவன் சாய்க்கவில்லை.

ஸ்டிக்கைப் பிடித்தான். இலேசாக அசைந்தது. நல்லது. கையைத் தளர்த்தினான்.

ஸ்டிக் அவன் உள்ளங்கைக்குள் ஒருதரம் இழுபட்டது.

காற்று என்று நினைத்தான். கண்ணாடியில் பார்த்தான். வால்மடல் ஒருதரம் உயர்ந்து, தாழ்ந்து நின்றது. வாசலில் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை.

ஒருதரம்.

கையை எடுக்க நினைத்தான். எடுக்கவில்லை. அன்று கயிற்றைக் கையிலிருந்து விட்டவன் அவன்.

ஒருதரம்.

மூன்று. அவ்வளவுதான். பிறகு ஸ்டிக் அசையவில்லை. காத்திருந்தது.

செருப்புக்குள் குளிர் ஏறியது. குனிந்து பார்த்தான். குழாய்களுக்கிடையே பழுப்பு நிறத் தண்ணீர் மினுங்கியது. கணுக்கால் வரை. அன்னப்பூரணியின் தையலுக்குள் ஒரு சொட்டும் போகாது. ஒரு சொட்டும் வெளியேறாது.

மூடியைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் முட்டினான். முழங்கையால் இடித்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. துணியைக் காலால் உதைத்தான். பாதம் சேற்றில் புதைந்தது. அங்கே சேறு இருக்க முடியாது.

கண்ணாடியில் அன்னப்பூரணி தெரிந்தாள்.

குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். வாலுக்கு அருகே வந்து நின்றாள். அவள் விமானிக் கூண்டைப் பார்க்கவில்லை. வால்மடலைத்தான் பார்த்தாள்.

"அக்கா," என்றான். கண்ணாடி மூடிக்குள் அது அவன் காதுக்கே திரும்பி வந்தது.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"ஒருதரம் இழுத்தவர்," என்று கத்தினான். "மூண்டுமுறை. எனக்குத் தெரிஞ்சது. நான் சங்கிலிய விடல்ல."

அவள் தலை திரும்பவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

அப்போது அவனுக்கு ஸ்டிக் ஞாபகம் வந்தது. அதைப் பிடித்து, தன் பக்கமாக, ஒருதரம் இழுத்தான். வால்மடல் எழுந்து தாழ்ந்தது. அவள் அதைக் கண்டாள். நெற்றி சுருங்கியது. ஓரடி முன்னால் வந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. மீண்டும் இழுக்கப் போனான்.

ஸ்டிக் வரவில்லை. மறுமுனையை ஒரு கை பிடித்திருந்தது.

பிறகு அந்தக் கை இழுத்தது. அவசரமில்லாமல். தெளிவாக.

ஒன்று.

இரண்டு.

அன்னப்பூரணி நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சங்கிலியை இரண்டு கையாலும் பற்றினாள்.

கட். கட். கட்.

தளர்ந்து கிடந்த சங்கிலி விறைத்தது. வால் முட்டிலிருந்து எழும்பியது. கண்ணாடிக்குள் வால் அப்படியே நிற்க, வாசலும் சுவரும் அவளும் மெல்லக் கீழே இறங்கினார்கள். மூக்கு சரிந்தது. பின்னால் நிறைந்திருந்த தண்ணீரெல்லாம் சாய்மானத்தைச் சுற்றிக்கொண்டு அவன் மேல் வந்தது. நெஞ்சு. கழுத்து.

அவன் இழுத்தான். ஒருதரம். இந்தமுறை ஸ்டிக் வந்தது.

கட். கட்.

ஒருதரம்.

அவள் கண்கள் இப்போது சங்கிலியில் இருந்தன. வாலைப் பார்க்கவில்லை. கட். கட். கண்ணாடியில் அவளுடைய தலை மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் இறங்கியது. வாயை மூடிக்கொண்டான். மூக்கு.

ஒருதரம்.

பின்னிருக்கையிலிருந்து கடைசித் தண்ணீரும் முன்னால் வடிந்தது. அங்கே, அவன் பிடரிக்குப் பின்னால், யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்கள்.